எங்கள் பிள்ளைகளை நர்சிங்கில் சேர்க்கும் முன் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலாளர் அவர்களுக்கும், செவிலியர் குழுமத்தின் பதிவாளர் அவர்களுக்கும், தனியார் மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் பதிவு பெற்ற செவிலியர் எழுதுவது.

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு ஒவ்வொரு ஆண்டும் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கைக்கு அறிவிப்பு வருகிறது. கடைசித் தேதி, தகுதி, எந்தச் சான்றிதழுக்கு எத்தனை நகல் என்று எல்லாம் அதில் இருக்கிறது. படித்து முடித்த பெண் என்ன சம்பளத்துக்கு வேலைக்குப் போவாள், ராத்திரி எத்தனை நோயாளிகளை அவள் ஒருத்தியே பார்க்க வேண்டியிருக்கும், அரசு வேலையே கிடைத்தாலும் அது நிரந்தரமா ஒப்பந்தமா என்பதெல்லாம் எங்கேயும் இல்லை. நான்கு வருடத்தையும் கடன் வாங்கிய காசையும் போடப்போகிற குடும்பத்துக்கு முதலில் தெரிய வேண்டியது இவைதான். இவற்றைச் சொல்லவும் மாற்றவும் அதிகாரம் உள்ளவர்கள் நீங்கள். இத்தனை ஆண்டுகளாக இரண்டும் நடக்கவில்லை.

மே மாதம் முழுக்க என் போனுக்கு ஒரே கேள்விதான் வரும். பக்கத்து வீட்டு அக்கா கேட்பார். எங்கள் வார்டில் துப்புரவு வேலை பார்க்கும் அம்மா தன் மகளுக்காகக் கேட்பார். இந்த முறை என் சொந்த அக்கா மகள் கேட்டாள். "சித்தி, நர்சிங் எடுக்கட்டுமா? அம்மா வேண்டாம்ங்கிறா. அப்பா உங்ககிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணலாம்ங்கிறாங்க." அரசுப் பள்ளியில் படித்தவள், உயிரியலில் நல்ல மதிப்பெண். எங்கள் அம்மா இடுப்பெலும்பு உடைந்து படுக்கையில் கிடந்தபோது, படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைத்தவள் அவள்தான். ஒரு தடவை செய்து காட்டினேன். அப்புறம் அவளே பார்த்துக்கொண்டாள், ராத்திரியிலும் அலாரம் வைத்து எழுந்தாள். இந்த வேலைக்கு வர வேண்டிய பிள்ளை அவள். ஆனாலும் "சேரு" என்று என்னால் உடனே சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வெறுத்துப்போய் எழுதுகிறேன் என்று நினைத்துவிடுவீர்கள். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து எங்கள் பிரிவுக்கு வந்த ஒருவர். மானிட்டரில் பிரஷர் சரியாகத்தான் இருந்தது. கட்டிலுக்குக் கீழே தொங்கும் யூரின் பையில் மட்டும், கடைசி ஒரு மணி நேரத்தில் சேர்ந்தது கண்ணுக்கே தெரியாத அளவு. காலைத் தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருந்தது. அதுவரை பேசாமல் படுத்திருந்தவர் போர்வையை இழுப்பதும் உதறுவதுமாக இருந்தார். உள்ளே ரத்தம் கசிகிறபோது உடம்பு முதலில் இப்படித்தான் சொல்லும், பிரஷர் விழுவது அதற்கப்புறம்தான். டூட்டி டாக்டரைக் கூப்பிட்டோம். விடிவதற்குள் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய்க் கசிவை நிறுத்தினார்கள். அவர் பிழைத்து, தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார். இப்படி ஒன்றைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டும், பழகிய கண் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் அந்தக் கட்டில் பக்கம் போய் நிற்க நேரம் வேண்டும். இதைவிட மனசுக்கு நிறைவான வேலை எனக்குத் தெரியாது. திரும்பப் படிக்க ஒரு வாய்ப்பு வந்தாலும் நர்சிங்தான் படிப்பேன்.

அந்த வேலைக்கு இன்று என்ன கூலி? எங்கள் மருத்துவமனையில் புதிதாகச் சேரும் பி.எஸ்சி. பெண்ணுக்குப் பேசும் சம்பளம் 14,000 ரூபாய். பி.எஃப்., ஹாஸ்டல், சாப்பாடு பிடித்தம் போகக் கையில் நிற்பது பத்தாயிரம் சொச்சம். இது மதுரையில், பெயர் சொன்னால் எல்லாருக்கும் தெரிந்த பெரிய மருத்துவமனையில். சின்ன ஊர்களில் ஏழாயிரத்துக்கும் எட்டாயிரத்துக்கும் வேலை பார்க்கிற, என்னோடு படித்தவர்களை எனக்குத் தெரியும். இந்தப் பெண்களில் பலர் நான்கு வருடப் படிப்புக்கு நான்கு லட்சத்துக்குக் குறையாமல் செலவு செய்தவர்கள். கல்விக் கடன் தவணை கட்டிய பிறகு வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சுவதில்லை. வீட்டில் இருப்பவர்களோ மகள் சம்பாதிக்கிறாள், தம்பி படிப்பைப் பார்த்துக்கொள்வாள் என்று காத்திருக்கிறார்கள்.

இதற்கு வழி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வழி எழுத்தில் இருக்கிறது. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரி 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் சம்பளத்தையும் வேலைச் சூழலையும் ஆராய ஒரு குழு அமைக்கச் சொன்னது. மத்திய அரசு அமைத்த அந்தக் குழு படுக்கை எண்ணிக்கையை வைத்துத் தெளிவாகப் பரிந்துரை கொடுத்தது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம். 100-க்கு மேல் என்றால் அதில் 10 சதவீதம் மட்டும் குறைக்கலாம். 50-க்கு மேல் என்றால் 25 சதவீதம் குறைக்கலாம். 50 படுக்கைக்கும் குறைவான சின்ன மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது. விடுப்பு, வேலை நேரம், மருத்துவ வசதி, தங்குமிடம் எல்லாம் அரசுச் செவிலியருக்கு உள்ளதுபோல் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. இதற்கான சட்டமோ வழிகாட்டுதலோ கொண்டுவருவது மாநிலங்களின் பொறுப்பு. அந்தப் பரிந்துரை வந்த ஆண்டில் பிறந்த குழந்தைகள் இன்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். நான் வேலை பார்த்த எந்த மருத்துவமனையிலும் அது நடைமுறைக்கு வந்து நான் பார்த்ததில்லை. எங்கள் மருத்துவமனை 200 படுக்கைக்கு மேல் உள்ளது.

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். அங்கே செவிலியர்கள் சங்கமாகத் திரண்டு வேலைநிறுத்தம் செய்து, பேச்சுவார்த்தை நடந்து, 2018 ஏப்ரலில் தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கு 20,000 ரூபாய் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் என்று அரசு அறிவிக்கை வெளியிட்டது. நிர்வாகங்கள் எதிர்த்தன, நீதிமன்றம் போயின. அரசு பின்வாங்கவில்லை. செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு எவ்வளவு தூரம்? மலையைத் தாண்டினால் ஒரு சம்பளம், இந்தப் பக்கம் ஒரு சம்பளம் என்று இருந்தால் தென்காசிப் பெண் எதற்காக இங்கே நிற்பாள்?

மருத்துவமனைகளால் தாங்க முடியாது என்ற பதில் உங்களுக்கு வரும் என்று தெரியும். நோயாளிக்குக் கொடுக்கும் பில்லை வாங்கிப் பாருங்கள். அறை வாடகை தனி, டாக்டர் விசிட் தனி, அதற்குக் கீழே நர்சிங் சார்ஜ் என்று ஒரு வரி தனியாக இருக்கும், தினமும் ஏறிக்கொண்டே போகும். நோயாளி வீட்டார் அந்தப் பணத்தைக் கட்டித்தான் டிஸ்சார்ஜ் வாங்குகிறார்கள். எங்கள் பெயரைச் சொல்லி வாங்கும் காசில் எங்களுக்கு எவ்வளவு வருகிறது என்று எந்த அதிகாரியும் இதுவரை வந்து கேட்டதில்லை.

சம்பளத்தைவிட என்னைப் பயமுறுத்துவது ஆள் எண்ணிக்கை. நாடு முழுக்க நர்சிங் படிப்புக்கு விதி வகுக்கும் இந்திய செவிலியர் மன்றத்தின் கணக்குப்படி பொது வார்டில், மாணவர்கள் பயிற்சி பெறும் போதனா மருத்துவமனை என்றால் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற இடங்களில் ஐந்து பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சையில் ஒருவருக்கு ஒருவர். நான் ஐ.சி.யு.வுக்கு வரும் முன் இருந்த பொது வார்டில் முப்பதுக்கும் மேல் படுக்கை. ராத்திரி எட்டு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை இரண்டே செவிலியர், கூட ஒரு பயிற்சிப் பெண். பத்து மணிக்கு எல்லாருக்கும் ஆன்டிபயாடிக். நடுவில் எமர்ஜென்சியிலிருந்து புது அட்மிஷன். ஒரு கட்டிலில் டிரிப் முடிந்து பம்பின் அலாரம் அடித்துக்கொண்டிருக்கும், இன்னொரு கட்டிலில் ஒருவர் பாத்ரூம் போகத் தானே இறங்கப் பார்ப்பார்.

பொட்டாசியம் குறைந்த நோயாளிக்கு கே.சி.எல். என்ற பொட்டாசியம் குளோரைடு மருந்து எழுதியிருப்பார்கள். அதை நேரடியாக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். சலைனில் கலந்து மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். கலக்கும்போது இன்னொரு செவிலியர் பக்கத்தில் நின்று ஆம்பூலில், அதாவது மருந்துக் குப்பியில், உள்ள பெயரையும் அளவையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நர்சிங் முதலாண்டிலேயே மனசில் பதிய வைக்கும் பாடம் இது. அந்த ராத்திரிகளில் இன்னொரு செவிலியர் வார்டின் மறுகோடியில், வாந்தி எடுக்கும் நோயாளியின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். கூப்பிட்டால் வர முடியாது. காத்திருந்தால் மற்றப் பத்துப் பேரின் மருந்து தள்ளிப்போகும். ஆக, ஒருத்தியே ஆம்பூலைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டுக் கலப்பதும், விடியற்காலையில் ரெஜிஸ்டரில் இரண்டாவது கையெழுத்தை வாங்குவதும் பல மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்டது. தப்பு நடந்தால் மெமோ அந்தச் செவிலியர் பெயருக்கு வரும். அந்த வார்டில் இரண்டு பேர் போதும் என்று முடிவு செய்தவர் பெயர் எந்த விசாரணையிலும் வராது.

ஆள் குறைவை ஈடுகட்ட மருத்துவமனைகள் கண்டுபிடித்த வழி இதைவிடக் கவலை தருவது. பஸ் ஸ்டாண்டு சுவர்களில் போஸ்டர் பார்த்திருப்பீர்கள். பத்தாம் வகுப்பு பாஸோ ஃபெயிலோ, ஓராண்டு நர்சிங் டிப்ளமோ, நூறு சதவீத வேலை வாய்ப்பு. கடைவீதி மாடியில் இரண்டு அறை, ஒரு பொம்மை, ஒரு எலும்புக்கூடு. அங்கே முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ கட்டும் பிள்ளைகளுக்கு அந்தச் சான்றிதழை வைத்து உங்கள் குழுமத்தில் பதிவு செய்யவே முடியாது என்பது படிப்பு முடிந்த பிறகுதான் தெரிகிறது. ஏ.என்.எம். என்ற துணைச் செவிலியர் படிப்பு என்றால் இரண்டு ஆண்டு, ஜி.என்.எம். என்ற செவிலியர் டிப்ளமோ என்றால் மூன்று ஆண்டு, பி.எஸ்சி. என்றால் நான்கு ஆண்டு. இந்திய செவிலியர் மன்றமும் தமிழ்நாடு குழுமமும் அங்கீகரித்த இடத்தில் படித்தால்தான் பதிவு. இதை அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கு யார் சொல்வது? சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் குழும அலுவலகத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வருவதற்கு சங்கரன்கோவிலில் தீப்பெட்டி ஒட்டும் அம்மாவால் முடியுமா? இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது என்று சொன்னால் போதாது. போஸ்டர் எந்தச் சுவரில் ஒட்டப்படுகிறதோ அந்தச் சுவருக்கு உங்கள் எச்சரிக்கையும் வர வேண்டும்.

அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்களோடு ஒரே யூனிஃபார்மில் நின்று, ஐந்தாயிரம் ஆறாயிரத்துக்கு முதுகு ஒடிய வேலை செய்கிறார்கள். ஊசி போடச் சொன்னால் போடுகிறார்கள், முடியாது என்று சொல்ல அவர்களுக்கு இடமில்லை. நோயாளிக்கோ யார் பதிவு பெற்றவர், யார் இல்லை என்பது தெரியாது. ஆறாயிரத்துக்கு ஓர் ஆள் கிடைக்கும்போது இருபதாயிரம் கேட்கும் பி.எஸ்சி. பெண்ணை நிர்வாகம் எதற்காக எடுக்கும்? எங்கள் சம்பளம் ஏறாததற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. இரண்டையும் நிறுத்த முடிந்தவர்கள் ஆய்வுக்கு வருகிற உங்கள் அதிகாரிகள்தான்.

சரி, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் சேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? கல்லூரிக்கு 100 படுக்கை கொண்ட சொந்த மருத்துவமனை இருக்க வேண்டும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகளாவது இருக்க வேண்டும் என்பது விதி. நான் படித்த இடத்தில் ஆய்வு நாளன்று மட்டும் வார்டு நிறைந்திருக்கும். பிரசவப் பயிற்சிக்கு வெளியே அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கே ஒரு தாயைச் சுற்றி மூன்று கல்லூரிகளின் மாணவிகள், எம்.பி.பி.எஸ். மாணவர்கள், எல்லாரும் நின்றுகொண்டிருப்போம். அந்தத் தாய் முகத்தைத் திருப்பிக்கொள்வார். குழந்தையின் தலை வெளியே வருவதை எட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் அதைத் தாங்களே பார்த்த பிரசவமாக கேஸ் புத்தகத்தில் எழுதிக்கொள்வோம், வேறு வழியில்லை. என் வகுப்பில் பாதிப் பேர் முதல் பிரசவத்தைத் தனியாகக் கையில் வாங்கியது வேலைக்குப் போன பிறகுதான். இப்படிப் படித்து வருகிறவர்களை முப்பது படுக்கைக்கு முன்னால் ராத்திரியில் நிறுத்துகிறார்கள். சென்னையில் 1871-இலேயே செவிலியர் பயிற்சி தொடங்கிய மாநிலம் இது. வேலூர் சி.எம்.சி.யில் 1946-இலேயே பி.எஸ்சி. நர்சிங் வந்துவிட்டது. நல்ல பயிற்சி என்றால் எப்படி இருக்கும் என்று வெளியூரில் போய்க் கற்றுவர வேண்டிய நிலையில் நாம் இல்லை.

அசல் சான்றிதழ் விஷயமும் இதோடு சேர்ந்தது. சேரும்போது பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை வாங்கி வைத்துக்கொள்வார்கள். படிப்பு முடிந்ததும் எங்கள் மருத்துவமனையிலேயே ஒரு வருடம் வேலை பார், இல்லாவிட்டால் பணம் கட்டு என்பார்கள். எங்கள் கல்லூரியிலும் அதுதான் நடந்தது. என்னோடு படித்த ஒருத்திக்கு அரசுப் பணிக்கான சான்றிதழ் சரிபார்ப்பு வந்தது. கல்லூரி கேட்டது 50,000 ரூபாய். அவளுடைய அம்மா காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்துத்தான் மகளின் சான்றிதழை மீட்டார். சான்றிதழை இப்படிப் பிடித்து வைக்கும் உரிமை யாருக்கும் கிடையாது என்று நீதிமன்றங்கள் சொல்லியாகிவிட்டது. இப்படிக் கட்டாய வேலைக்கு எழுதி வாங்கும் பாண்டு முறை கூடாது என்று இந்திய செவிலியர் மன்றமும் சொல்லியிருக்கிறது. ஆனால் பதினெட்டு வயதுப் பெண் யாரை எதிர்த்து, எந்தக் காசில் வழக்குப் போடுவாள்?

தனியாரில் இப்படி, அரசு வேலைக்குப் போய்விட்டால் கவலையில்லை என்று பெற்றோர் இன்னும் நம்புகிறார்கள். என் அக்கா வீட்டுக்காரரும் அதைத்தான் கேட்டார். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போட்டித் தேர்வு வைத்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், இரண்டு ஆண்டில் நிரந்தரப் பணிக்கான காலமுறை ஊதியம் என்பது அன்றைய பேச்சு. இரண்டு ஆண்டு தாண்டியும் நடக்காததால் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் போராட்டத்துக்கு உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் அதில் இருந்தார்கள். அதன்பிறகு தொகுப்பூதியம் 14,000 ஆனது, அப்புறம் 18,000 ஆனது. நிரந்தரம் மட்டும் காலியிடம் வர வரக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நடக்கிறது. ஒரே வார்டில், ஒரே இரவில், ஒரே வேலையைச் செய்யும் இரண்டு செவிலியரில் ஒருவருக்கு மற்றவர் சம்பளத்தில் பாதிகூட இல்லை.

2020-ஐ உலக சுகாதார நிறுவனம் செவிலியர் ஆண்டு என்று அறிவித்திருந்தது. அந்த ஆண்டுதான் கொரோனா வந்தது. ஆறு மாத ஒப்பந்தத்தில் செவிலியர்களை அழைத்தீர்கள், வந்தார்கள். பி.பி.இ. கிட் போட்டுக்கொண்டு தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலை செய்தார்கள், சொந்தப் பிள்ளைகளை மாதக்கணக்கில் தொடாமல் இருந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அந்தச் செவிலியர்களுக்கு 2022 டிசம்பர் 31-ஓடு பணி முடிந்தது என்று உத்தரவு வந்தது. மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் வழியாக மாற்று வேலை தருவதாக அரசு சொன்னது உண்மைதான். ஆனால் அதுவும் ஒப்பந்த வேலை. பெருந்தொற்றில் நின்றவர்களுக்கே இதுதான் நிலை என்றால், இன்று விண்ணப்பம் போடும் பெண்ணுக்கு எந்த நம்பிக்கையில் அரசு வேலையைக் காட்டுவது?

வெளிநாடு இருக்கிறதே என்பார்கள். உண்மைதான், வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் எங்கள் பெண்கள் போகிறார்கள், மரியாதையாகச் சம்பாதிக்கிறார்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனமே அனுப்பி வைக்கிறது. போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பல நாடுகளுக்குப் போக இங்கே இரண்டு ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும். அந்த அனுபவச் சான்றிதழைத் தராமல் இழுத்தடித்தே குறைந்த சம்பளத்தில் ஆட்களை நிறுத்தி வைக்கிற மருத்துவமனைகள் எத்தனையோ. வெளிநாட்டுக்குப் போவதற்கான காத்திருப்பு அறையாக நம் வார்டுகள் ஆகிவிட்டால், பழகிய கண்ணோடு நோயாளி பக்கம் நிற்க இங்கே யார் மிச்சம் இருப்பார்கள்?

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்ததால் படிப்பை விடாமல் தொடர்ந்த பிள்ளைகளை எனக்கு நேரில் தெரியும். மத்திய அரசு 2023-இல் ஒப்புதல் கொடுத்த 157 புதிய நர்சிங் கல்லூரிகளில் 11 தமிழ்நாட்டுக்கு. இடம் கூடுகிறது, படிக்க உதவியும் இருக்கிறது. படித்து முடித்த மறுநாள் அவள் நிற்கப்போகும் இடத்தைச் சரிசெய்யாமல் இடத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், எட்டாயிரத்துக்கு வேலைக்கு வர இன்னும் சில ஆயிரம் பேர் வரிசையில் நிற்பார்கள். அவ்வளவுதான் நடக்கும்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன்.

உச்ச நீதிமன்ற ஆணைப்படி அமைந்த குழுவின் சம்பளப் பரிந்துரையைச் சட்டமாகவோ, தொழிலாளர் துறையோடு சேர்ந்து குறைந்தபட்சக் கூலி அறிவிக்கையாகவோ கொண்டுவாருங்கள். வெறும் அறிவிக்கை மட்டும் போதாது. 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் எல்லா மருத்துவமனைகளும் உங்களிடம்தான் பதிவு செய்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அரசுப் பணம் பெறுகிற தனியார் மருத்துவமனைகளும் ஏராளம். செவிலியருக்கு வங்கிக் கணக்கில் உரிய சம்பளம் போடுவதையும், படுக்கைக்கு ஏற்ற பதிவு பெற்ற செவிலியர் இருப்பதையும் இந்த இரண்டுக்கும் நிபந்தனையாக வையுங்கள். ஒவ்வொரு வார்டு வாசலிலும் அந்த ஷிஃப்டில் எத்தனை நோயாளி, எத்தனை பதிவு பெற்ற செவிலியர் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஆய்வுக்கு ஒரு முறையாவது ராத்திரி இரண்டு மணிக்கு வாருங்கள்.

பதிவாளர் அவர்களே, அங்கீகாரம் இல்லாத நர்சிங் நிறுவனங்களின் பட்டியலை மாவட்ட வாரியாகத் தமிழில் வெளியிடுங்கள். அது இணையத்தோடு நிற்காமல் பிளஸ் டூ தேர்வுக்கு முன்பே ஒவ்வொரு அரசுப் பள்ளி அறிவிப்புப் பலகைக்கும் போக வேண்டும். அந்த நிறுவனங்கள் மேல் காவல்துறையில் புகார் கொடுக்க வேண்டியது நீங்கள்தான், ஏமாந்த பிள்ளைகள் இல்லை. ஏற்கெனவே அங்கே படித்து வேலை பார்க்கிறவர்கள் முறையான ஏ.என்.எம். படிப்பில் சேர வயது வரம்பிலும் கட்டணத்திலும் ஒரு வழி செய்து கொடுங்கள். அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கும் கல்லூரி மேல் மாணவி பெயர் வெளியே வராமல் புகார் வாங்க ஓர் எண் வேண்டும். முப்பது நாளில் சான்றிதழ் திரும்ப வராவிட்டால் அந்தக் கல்லூரிக்கு அடுத்த ஆண்டு கலந்தாய்வில் இடம் ஒதுக்கக் கூடாது. அனுபவச் சான்றிதழுக்கும் இதே போல ஒரு கெடு வையுங்கள்.

செயலாளர் அவர்களே, தேர்வு வாரியத்தின் வழியாக வந்து இன்னும் தொகுப்பூதியத்தில் இருக்கும் செவிலியர் எத்தனை பேர், எந்தத் தேதிக்குள் அவர்கள் நிரந்தரம் ஆவார்கள் என்று ஆண்டு வாரியாக அறிவியுங்கள். அதுவரை சம வேலைக்குச் சம ஊதியம் கொடுங்கள். மகப்பேறு விடுப்பில் நிரந்தரம், தொகுப்பூதியம் என்ற எந்த வேற்றுமையும் கூடாது.

அமைச்சர் அவர்களே, அடுத்த நர்சிங் சேர்க்கை விளக்கக் குறிப்பேட்டில், ஒவ்வொரு கல்லூரியின் பெயருக்கும் நேரே அதன் மருத்துவமனையில் சராசரியாக நிரம்பும் படுக்கை எத்தனை, ஆசிரியர் எத்தனை பேர், போன மூன்று ஆண்டில் படித்து முடித்தவர்கள் இன்று எங்கே என்ன சம்பளத்தில் வேலை செய்கிறார்கள் என்று அச்சிடுங்கள். பொய்யான விவரம் கொடுக்கும் கல்லூரியின் இடங்களைக் குறையுங்கள். இவற்றில் எதைச் செய்வீர்கள், எந்தத் தேதிக்குள் செய்வீர்கள் என்ற பதிலைக் கலந்தாய்வு தொடங்கும் முன்பே பொதுவில், அரசாணை எண்ணோடு சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பதிவு பெற்ற செவிலியர் ஒருவர்,
மதுரை.